துரை வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் நான் வைத்த குங்குமம்

1

இந்த ஊரில் ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது. மழைதான் உண்டு. அன்றைக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து தையல் மெஷினைத் துடைத்தேன். இவர் பஸ் கராஜுக்கு எடுத்துப்போகும் ஸ்பானர் பையையும் மகள் மல்லிகாவின் ஜாமெட்ரி பாக்ஸையும் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டேன். நம் ஊர்ப் பொரிக்கு எங்கே போவது? இங்கே பிள்ளைகள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் அரிசிப்பொரி அட்டைப்பெட்டியில் வருகிறது. அதையே ஒரு தட்டில் கொட்டி வைத்துக் கும்பிட்டேன்.

மல்லிகாவுக்குப் பத்து வயது. தமிழ் சொன்னால் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். எழுந்து வந்தவள் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பொட்டை அழித்துவிட்டாள்.

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலையிலதான்டி எடுக்கணும்!"

"இன்னிக்குக் கணக்கு டெஸ்ட்ம்மா" என்றாள் அவள் பாஷையில். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது அவளுக்கு.

சர்க்கரை எடுக்க டப்பாவைத் தூக்கினால் அடியில் ஸ்கூல் காகிதம் ஒன்று மடித்துக் கிடந்தது. பிள்ளைகளை அடுத்த வாரம் ஒரு வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போகிறார்களாம். உலகமெல்லாம் மலை ஏறிச் செடி சேகரித்த பெரிய தாவர ஆராய்ச்சியாளர் வாழ்ந்த வீடு. அவர் செத்து நாலைந்து வருஷம் ஆகிறது, வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும், விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடவும். பெயரைப் படித்தேன். கையில் இருந்த ஸ்பூன் கீழே விழுந்தது.

"இதை நீங்கதானே ஒளிச்சு வச்சீங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"ஆமா. நீ போகாதே சரசு. அங்க போய் ஏதாவது பண்ணிடுவே."

"ஏதாவது பண்ணத்தான் போறேன்" என்று கையெழுத்தைப் போட்டேன்.

அந்த ஆளின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தடிமனாக ஒரு பிரயாணப் புத்தகம் எழுதியவன் அவன். அதில் சமையல்காரனுக்கு நன்றி உண்டு, சுமை தூக்கிய குதிரைக்குக்கூட நன்றி உண்டு. என் அண்ணன் பெயர் ஓர் இடத்திலும் கிடையாது. அவன் எழுதாத மாதிரியே நானும் எழுதவில்லை. துரை என்று சொன்னால் போதும்.

2

என் அண்ணன் முருகேசன் திருச்சியில் ஒரு கல்லூரியில், தாவரவியல் பகுதியில் அட்டெண்டராக இருந்தார். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் பிட்டர். ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் தீபாவளியைவிடப் பெரிசு. திருப்புளி, சுத்தியல், அரிவாள்மணை, ஒன்று விடாமல் பொட்டு வைத்துத்தான் அன்றைக்கு அடுப்பே மூட்டுவோம். அப்பா போன பிறகும் அண்ணன் அதை விடவில்லை.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் துரை வந்து சேர்ந்தான். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தாலும் கல்லூரியில் அவனுக்கு ராஜ உபசாரம். பச்சமலையில் செடி பிடுங்க அவனுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணனை அனுப்பினார்கள். மூன்று மாதம். உப்பிலியபுரத்தில் ஒருவருடைய மாந்தோப்பில் கூடாரம். அண்ணன்தான் மலைக்காரர்களிடம் பேசி வழி கேட்பார், அண்ணன்தான் செடியை வேரோடு எடுப்பார், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயப்போடுவார், தினமும் தாள் மாற்றுவார். துரை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவான்.

அவனிடம் ஒரு கருவி இருந்தது. உள்ளங்கை அளவு பித்தளை, பார்த்தால் கடிகாரம் மாதிரியே இருக்கும். மலை ஏற ஏற முள் நகர்ந்து எவ்வளவு உயரம் என்று காட்டும். அண்ணன் அதற்கு மலைக்கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார். வெல்வெட் வைத்த மரப்பெட்டியில் வைத்து, துரை யாரையும் தொடவிடமாட்டானாம்.

வேலை முடிந்து, சாமான்களோடு ஊருக்குத் திரும்பினார்கள். துரை கைப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு காரில் மெட்ராஸ் கிளம்பவேண்டும். மற்றதையெல்லாம் அண்ணன் கட்டி, ஆறு பெரிய பெட்டிகளில் அடைத்து, ஆணி அடித்து, ரயிலில் துறைமுகத்துக்கு அனுப்பவேண்டும். இப்படி ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து ஆயுத பூஜை. துரை ஓட்டலில் மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் மண்வெட்டி, கத்தரி, செடி அழுத்தும் பலகை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். மரப்பெட்டியும் இருந்தது.

"இதை வேணாம் பாப்பா. துரை பொருள்" என்று தனியே எடுத்து வைத்தார்.

"மூணு மாசம் உங்களைக் கூட்டிட்டு மலை ஏறியிருக்கு. இதுவும் ஆயுதம்தானே அண்ணே? இதை மட்டும் ஒதுக்கினா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

நான்தான் சொன்னேன். நான்தான் மலைக்கடிகாரத்தை வெளியே எடுத்தேன். பின்பக்கத்தில் வட்டமாகச் சந்தனம் இட்டு, நடுவில் என் மோதிரவிரலால் குங்குமம் வைத்தேன். நன்றாகவே வைத்தேன், கம்பெனி முத்திரை வெட்டியிருந்த பள்ளமெல்லாம் சிவந்துபோனது.

பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது. சாயங்காலம் துரையின் டிரைவர் மரப்பெட்டியைக் கேட்டு அவசரமாக வந்து நின்றபோது அண்ணன் வெறும் மரப்பெட்டியை மூடிக் கொடுத்தனுப்பிவிட்டார். ஈரச் சந்தனத்தோடு வைத்தால் வெல்வெட் பாழாகிவிடும் என்ற பயம் வேறு. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, நாலாம் பெட்டியில் காய்ந்த செடிக் கட்டுகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். சாமான் பட்டியலிலும் தமிழில் எழுதி உள்ளே போட்டார். மெட்ராஸுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டால் சரி என்று நினைத்தார். உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

கார்டு போய்ச் சேருவதற்குள் துரை மரப்பெட்டியைத் திறந்துவிட்டான். கல்லூரிக்குத் தந்தி வந்தது. கருவி திருடு போய்விட்டது, உங்கள் ஆள்தான் எடுத்திருக்கிறான்.

3

அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நானும் போனேன். "நான்தான் சார் பொட்டு வச்சேன். பூஜை முடிஞ்சு நாலாம் பெட்டியில போயிருக்கு. பெட்டியைத் திறந்து பாருங்க" என்று சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "துரை கடிகாரத்துக்குப் பொட்டு வச்சியா? பூ வைக்கலியா?" என்று கேட்டார். பெட்டிகள் அதற்குள் கப்பலில் ஏறியிருந்தன.

சாட்சி இல்லை என்று கேஸை விட்டுவிட்டார்கள். ஆனால் கல்லூரி விடவில்லை. வேலை போனது. உப்பிலியபுரத்தில் தோப்பு கொடுத்தாரே, அவர் தன் பெண்ணை அண்ணனுக்குக் கொடுப்பதாக வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார். ஒரு வாரத்தில் தட்டு திரும்பி வந்தது. எடுத்துவந்த ஆள் திண்டாடிக்கொண்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். மன்னார்புரத்தில் எங்கள் சித்தப்பா புது வீடு கட்டிக் குடிபோனார். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அவரே வந்து, "எல்லாரும் வாங்க. முருகேசுவை மட்டும் இன்னொரு நாள் வரச்சொல்லு. பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க பாரு" என்றார். என் அண்ணன் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்டியைத் திறந்ததும் துரை எழுதிடுவார் பாப்பா. கப்பல் போய்ச் சேர ஒரு மாசம். லெட்டர் வர இன்னும் பத்து நாள்" என்பார் அண்ணன். தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்பார். ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருஷம். பெரிய தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி இங்கிலீஷில் மூன்று கடிதம் எழுதிப்போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

எனக்கு உள்ளூரில் மாப்பிள்ளை அமையவில்லை. திருடன் தங்கச்சியை யார் கட்டுவார்கள்? இவர் ஒருத்தர்தான், "அதனால என்ன?" என்று கேட்டவர். கப்பலேறிப் போகிறவருக்கு ஊர் வாயைப் பற்றிக் கவலையில்லை. நான் இந்த தேசத்துக்கு வந்த கதை இதுதான். வெளிநாட்டு மோகம் என்று ஊரில் நீங்களெல்லாம் பேசிக்கொண்டீர்களே, அதெல்லாம் ஒன்றும் இல்லை.

அண்ணன் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு மரக்கடையில் கட்டை அளந்துகொண்டிருக்கிறார்.

4

பஸ்ஸில் முப்பது பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தன. நான் வாய்க்குள் இங்கிலீஷ் வாக்கியங்களை உருட்டிக்கொண்டு வந்தேன். மல்லிகா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது கிட்டே வந்து, "அம்மா, ப்ளீஸ், ஒண்ணும் சொல்லிடாதே" என்று காதில் சொன்னாள். அப்பாவிடமிருந்து எதையோ மோப்பம் பிடித்திருக்கிறாள்.

நல்ல வீடு. கல் கட்டடம், சுற்றித் தோட்டம். எல்லாவற்றையும் அவன் எழுந்து போன மாதிரியே வைத்திருக்கிறார்கள். பூட்ஸ், தொப்பி, மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த மைப்புட்டி. அவன் தலை வைத்த தலையணையைக்கூட விடவில்லை. என் அண்ணனுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்க ஊரில் ஆள் இல்லை, இவன் உட்கார்ந்த நாற்காலிக்குக் கயிறு கட்டி யாரும் தொடாதே என்று எழுதிப்போட்டிருக்கிறார்கள்.

சுற்றிக் காட்டியது துரையின் அக்கா. எண்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். டிரஸ்ட்டிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு மாடியில் இருக்கிறார். கையில் தடி. "என் தம்பி, என் தம்பி" என்று வாய் ஓயவில்லை. தம்பி எவ்வளவு நேர்மையானவன் தெரியுமா, ஒரு இலையைக்கூடத் தன் பங்குக்கு மேல் எடுத்ததில்லை என்றார் பிள்ளைகளிடம்.

சுவரில் ஒரு போட்டோ. துரை பாறையில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் குடை பிடித்துக்கொண்டு என் அண்ணன், இருபத்தேழு வயசில், மீசையோடு. கீழே, பச்சமலையில் ஒரு கூலியாளுடன் என்று எழுதியிருந்தது.

"மல்லி, இதுதான் உங்க மாமா" என்றேன். அவள் அதுவரை மாமாவைப் பார்த்ததில்லை. படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அடுத்த அறையில்தான் கண்ணாடிப் பெட்டி. நீல வெல்வெட்டின் மேல் மலைக்கடிகாரம், பின்பக்கம் தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தது. நான் வைத்த பொட்டு. சந்தனம் வெளுத்து ஒரு வட்டமாக நிற்கிறது. நடுவில், முத்திரையின் பள்ளத்துக்குள் குங்குமம் கறுத்துப்போய் அப்படியே இருக்கிறது. ஓர் அட்டையும் உண்டு. பிள்ளைகளில் யாராவது படியுங்கள் என்றார் அந்த அம்மாள். என் மகள்தான் கிளாஸில் நன்றாகப் படிப்பவள். அவளையே கைகாட்டினார்கள்.

வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுப் பிரியாத கருவி. தென்னிந்திய மலைகளின் செம்மண் கறை இன்றும் இதில் இருக்கிறது என்று கணீரென்று வாசித்தாள் மல்லிகா.

"செம்மண் இல்லை" என்றேன்.

உருட்டிவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "செம்மண் காம்பஸ் வைத்தா வட்டம் போட்டுக்கொண்டு உட்காரும்? அது குங்குமம். நான் வைத்தது. இந்த விரலால் வைத்தேன்."

அந்த அம்மாள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துப் புன்னகை செய்தார்.

"இதை என் அண்ணன் திருடிவிட்டதாக உங்கள் தம்பி கல்லூரிக்குத் தந்தி கொடுத்தார். என் அண்ணனுக்கு வேலை போனது, கல்யாணம் போனது. திருட்டுப் போன பொருள் இங்கே எப்படி வந்தது?"

பிள்ளைகளில் ஒன்று களுக்கென்று சிரித்தது. டீச்சர் அவசரமாகத் தோட்டத்தில் ரோஜா பார்க்கலாம் என்று எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனார். மல்லிகா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்த அம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு, "உங்களுக்கு ஏதோ தவறான தகவல். எது சொல்வதானாலும் டிரஸ்ட்டுக்கு எழுதுங்கள்" என்றார். முகத்தில் ஈயாடவில்லை.

5

டிரஸ்ட்டுக்கு எழுத அச்சடித்த பாரம் ஒன்று இருந்தது. புகார் எதைப் பற்றி என்று கட்டம் போட்டிருந்தது: சிற்றுண்டி, கழிப்பறை, மாடிப்படி, இதர. நான் இதரவில் டிக் போட்டேன். கீழே இரண்டு வரி இடம். என் அண்ணனுடைய பதின்மூன்று வருஷத்தை இரண்டு வரியில் எழுதச் சொன்னால் எப்படி? நான் தனியாக நாலு பக்கம் எழுதி இணைத்தேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷைத் திருத்தினார். திட்டின இடங்களையெல்லாம் எடுத்துவிட்டார். நான் திரும்ப அந்த இடங்களில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில். தங்கள் அக்கறைக்கு நன்றி. அட்டைகள் நிபுணர்களால் எழுதப்பட்டவை. காலமானவரின் சொந்த விவகாரங்கள் பற்றி டிரஸ்ட் கருத்துச் சொல்வதற்கில்லை. கூடவே, அடுத்த வருஷம் உறுப்பினராகச் சேர்ந்தால் தோட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்று ஒரு விண்ணப்பம்.

"சரி, சொல்லிப் பார்த்தாச்சு. விட்டுத் தள்ளு" என்றார் இவர்.

விடுவதா? அடுத்த சனிக்கிழமை மல்லிகாவையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

6

மழையில் வேறு ஆள் யாரும் வரவில்லை. டிக்கெட் மேஜையில் அந்த அம்மாளே இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உங்கள் அண்ணன் கடிதம் எழுதினார் என்று டிரஸ்ட்டுக்குச் சொல்லியிருந்தீர்கள். என் தம்பி ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடக் கிழித்துப் போடமாட்டான். எழுதியிருந்தால் இங்கே இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்" என்றார்.

"கேட்கிறேன்" என்றேன். மனு எழுதுகிறவர் உண்மையிலேயே தபாலில் போட்டாரோ இல்லையோ, யார் கண்டது?

மேல்மாடியில், அந்தக் கயிறு கட்டின நாற்காலி இருந்த அறையில் இழுப்பறைகள். இந்தியா என்று எழுதிய இழுப்பறையை இழுத்தார். கட்டுக் கட்டாக, வருஷ வாரியாக. புரட்டிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். எங்கள் ஊர்த் தபால் முத்திரை. மூன்று கவர்களும் இருந்தன. மூன்றும் கத்தி வைத்து ஒழுங்காகப் பிரித்தவை.

முதல் கடிதத்தை அவர் விரித்தார். மேன்மை பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, நாலாம் பெட்டி, மஞ்சள் துணி, என் தங்கை வைத்த பொட்டு எல்லாம் எழுதியிருந்தது. மேலே மூலையில் பென்சிலில் ஐந்து வார்த்தை: கிடைத்துவிட்டது, நாலாம் பெட்டி. பதில் வேண்டாம்.

அது யார் கையெழுத்து என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் அப்படியே துரையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கயிற்றைத் தாண்டி.

நான் சும்மா இருக்கவில்லை. இதற்காகத்தான் வந்திருக்கிறேன். "எழுதுங்கள்" என்றேன்.

"டிரஸ்ட் ஒப்புக்கொள்ளாது."

"டிரஸ்ட் எழுதவேண்டாம். நீங்கள் அக்கா. உங்கள் கையால் எழுதுங்கள். இரண்டு பிரதி."

மேஜையில் பேனா இருந்தது. எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. கருவி திருடப்படவில்லை என்று எழுதினார். அனுப்பிய பெட்டியிலேயே அது வந்து சேர்ந்தது என்று எழுதினார். அப்புறம் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பதில் எழுத மறந்துவிட்டான் என்று போடலாமா?"

"கூடாது. தெரிந்தே எழுதவில்லை என்று போடுங்கள்."

"அவன் செத்துப்போய்விட்டான். எனக்கு அவனை விட்டால் யாரும் இருந்ததில்லை."

"எனக்கும் ஒரே அண்ணன்தான்" என்றேன்.

அந்த அம்மாளின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மல்லிகா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவங்க அழறாங்க. போதும்."

"போதாது" என்றேன்.

எழுதினார். என் தம்பிக்கு உண்மை தெரிந்திருந்தது, தெரிந்தே மௌனமாக இருந்தான் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பிரதியும் எழுதினார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டுமோ என்னவோ, வரவில்லை. பதின்மூன்று வருஷம் தெருமுனையில் தபால்காரருக்காக நின்றவரை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது டீ கொடுத்தார். நான் தொடவில்லை. மல்லிகா உட்கார்ந்து குடித்தாள். குடித்து முடித்து அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் மல்லிகா, "நீ சொன்னது சரிம்மா. சொன்ன விதம் எனக்குப் பிடிக்கலை" என்றாள் இங்கிலீஷில்.

"பிடிக்க வேணாம். சரின்னு சொன்னியே, அதுவே எனக்குப் பெரிசு."

7

ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போவார், மன்னார்புரம் போவார், உப்பிலியபுரத்துக்கே பஸ் ஏறுவார் என்று கற்பனை பண்ணிக்கொண்டு தரையில் கால் பாவாமல் திரிந்தேன். ஏர்மெயிலில் பதில் வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"பாப்பாவுக்கு ஆசீர்வாதம். லெட்டர் வந்துச்சு. மனு எழுதுறவர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. எனக்கு ஒண்ணும் தோணலை. அந்தம்மா கை நடுங்கி எழுதியிருக்காங்க, வயசானவங்களை நீ கஷ்டப்படுத்தியிருக்கே. லெட்டரைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். யாருகிட்டயும் காட்டப்போறதில்லை. காட்டினா என்ன சொல்லுவாங்க? எங்களுக்கு அப்பவே தெரியும் முருகேசு, நீ எடுத்திருக்க மாட்டேன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

படித்துவிட்டுச் சமையலறையில் நின்று ஓவென்று அழுதேன். துரைமேல் இருந்த ஆத்திரம் அத்தனையும் இடம் மாறிவிட்டது. யோசித்துப் பாருங்கள். துரை செய்தது ஒரு தந்தி, ஒரு மௌனம். அவன் அண்ணனோடு மூன்று மாதம் பழகினவன். நீங்கள்? பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். பத்து காசு கீழே கிடந்தாலும் யாருடையது என்று தெருவெல்லாம் கேட்டுவரும் பிள்ளை அது என்று உங்களுக்குத் தெரியாதா? பெட்டியைத் திறக்கும்வரை பொறுங்கள் என்று ஒருத்தர் சொல்லவில்லை. தட்டைத் திருப்பி அனுப்ப ஒரு வாரம் போதும் என்று எந்தத் துரை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்?

அண்ணன் காட்டமாட்டார். நான் காட்டுவேன். இந்தப் பத்திரிகை நம் தெருவில் யார் யார் வீட்டுக்கு வருகிறது, கல்லூரி நூலகத்தில் எந்த மேஜையில் கிடக்கும், மன்னார்புரத்தில் சித்தப்பா எந்தக் கிழமை படிப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். அந்த அம்மாளின் கடிதம் தமிழில் இதுதான்:

"திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் திரு. முருகேசன் எதையும் திருடவில்லை. அவர்மேல் என் தம்பி திருட்டுக் குற்றம் சாட்டிய கருவி, திரு. முருகேசன் சொன்னபடியே நாலாம் பெட்டியில் இங்கு வந்து சேர்ந்தது. என் தம்பிக்கு இந்த உண்மை தெரிந்திருந்தது. தெரிந்தே மௌனமாக இருந்தான். இதை யார் கேட்டாலும் காட்டலாம்."

யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நானே வருகிறேன். தை மாதம் இவருக்கு ஆறு வாரம் லீவு. இரண்டாவது பிரதி என் கைப்பையில் இருக்கும். முதலில் மன்னார்புரம், அப்புறம் கல்லூரி, அப்புறம் உப்பிலியபுரம். என் அண்ணனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுதான் வருவேன். அவருக்கு நாற்காலி போடுங்கள். காபி கொடுங்கள். கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன், கடைசி வரை கேளுங்கள். எங்களுக்கு அப்பவே தெரியும் என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவேண்டாம். அப்பவே தெரிந்திருந்தால் அப்பவே சொல்லியிருக்கவேண்டும்.